துப்பாக்கிக் கட்டைக்கு என்ன நிறம்?

பாளையம் என்று முடியும் ஊர்ப்பெயர்களைக் கொங்குநாட்டில் எண்ணத் தொடங்கினால் விரல்கள் போதா. மேட்டுப்பாளையம், பெரியநாயக்கன்பாளையம், கவுண்டம்பாளையம், கோபிசெட்டிபாளையம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். படை தங்கும் இடம் என்பது அச்சொல்லின் பழைய பொருள்களுள் ஒன்று. பாளையக்காரரின் ஆட்சிப்பகுதியும் அதே சொல்லால் வழங்கிற்று. காலப்போக்கில் படை நீங்கி, குடியிருப்பு என்ற பொருளே எஞ்சியது. இப்படிப் போர்வீரனின் நினைவை ஊர்ப்பெயருக்குள் புதைத்து வைத்திருக்கும் ஒரு நிலத்தில், அந்த வீரனை இரண்டு விரற்கடை உயரத்தில் வார்த்து அவனுக்கு வண்ணம் தீட்ட ஒருவர் அமர்ந்தால் என்ன நேரும்? சட்டைக்கும் தலைப்பாகைக்கும் ஏதேனும் ஒரு படம் உதவிக்கு வரும். தோளில் சாய்ந்திருக்கும் துப்பாக்கியின் மரக்கட்டைக்கு வந்ததும் தூரிகை நின்றுவிடும். மரம்தானே, பழுப்பு என்று பூசிவிட்டுப் போகலாம். ஆனால் எந்த மரம், எந்தப் பழுப்பு என்று கேட்கத் தொடங்கினால், கொங்கின் இருநூறாண்டு வரலாற்றில் யாருடைய பொருள்கள் பேணப்பட்டன, யாருடையவை அழிந்தன என்ற கேள்விக்குள் நாம் நுழைந்துவிடுகிறோம்.

சிற்றுருச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுவதைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளே கூடாக இருக்கும்படி ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தபோது, அதுவரை செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த பொம்மைப் படை நடுத்தர வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் இப்பொம்மைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை எழுதினார். பிரிட்டன் நிறுவனம் விற்ற பெட்டிகளில் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரிச் சிப்பாய்களும் இருந்தார்கள். நம் மாகாணத்து வீரன் அங்கே லண்டன் பிள்ளைகளின் தரைவிரிப்பில் அணிவகுத்து நின்றான். இன்று இக்கலை பெரியவர்களின் கலையாகிவிட்டது. 28 மில்லிமீட்டர், 54 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் உலோகத்திலும் ரெசினிலும் பிளாஸ்டிக்கிலும் உருவங்கள் கிடைக்கின்றன. ஒரு பொத்தானின் நிறத்துக்காகப் படைப்பிரிவின் ஆவணங்களைத் தேடிப் படிப்பவர்கள் இதில் உண்டு.

நம்மிடமும் இதற்கு இணையான மரபுகள் இல்லாமலில்லை. நவராத்திரிக் கொலுவில் போலீஸ் பேண்டு செட் படிக்கட்டில் வரிசையாக நிற்கிறது. கிராமக் காவல் தெய்வங்களின் கோயில்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்ச் சுதைகளைக் காணலாம். கும்பாபிஷேகம்தோறும் அச்சுதைகளுக்குப் புதிய எனாமல் ஏறும். கையிலுள்ள துப்பாக்கிக்குக் கடையில் கிடைத்த பழுப்போ கறுப்போ பூசப்படும். அங்கே அதுவே போதுமானது. தெய்வத்தின் காவலனுக்கு ஆண்டுக்கணக்கு கிடையாது. வரலாற்றுச் சிற்றுருவுக்கோ ஆண்டும் உண்டு, இடமும் உண்டு. அதன் பீடத்தில் ‘கோயம்புத்தூர், 1791’ என்று எழுதிவிட்டால், அந்த ஆண்டில் அந்த இடத்தில் இருந்த மரத்துக்கு நாம் பொறுப்பேற்றுக்கொள்கிறோம்.

*

1791ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் மைசூர்ப் போர் கொங்குநாட்டை ஊடறுத்துச் சென்ற காலம் அது. 1790இல் ஜெனரல் மெடோஸ் கரூர் வழியாக வந்து கோயம்புத்தூரைக் கைப்பற்றினார். அவ்வாண்டு செப்டம்பரில் திப்பு சுல்தான் கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கிவர, 13ஆம் நாள் சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையோடு கடும் போர் நடந்தது. மறு ஆண்டு கோயம்புத்தூர்க் கோட்டை காக்கத்தக்கதன்று என்று முடிவுகட்டிப் பெரிய பீரங்கிகளையும் நல்ல தளவாடங்களையும் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எஞ்சியதை லெப்டினன்ட் சால்மர்ஸ் ஒரு சிறு படையோடு காத்துநின்றார். அந்தப் படையில் தொப்பாஸ் எனப்பட்ட, போர்த்துகீசியக் கலப்பு மரபினரான வீரர்கள் இருந்தனர். மிகோ தெ லா கோம்ப் என்ற பிரெஞ்சுக்காரரின் கீழ் திருவிதாங்கூர் வீரர்களும் இருந்தனர். வெளியே மைசூர்ப் படை. ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்த தாக்குதலைக் கோட்டை தாங்கிக்கொண்டது. பின்னர் கமருத்தீன் கான் பெரும்படையோடு வந்து முற்றுகையிட, நவம்பர் 3ஆம் நாள் கோட்டை பணிந்தது. அந்தக் கோட்டையின் நினைவாக இன்று கோட்டைமேடு என்ற பெயர் நகர நடுவில் இருக்கிறது.

இந்த ஒரு முற்றுகையைச் சிற்றுருக்களால் ஒரு பலகையில் அமைக்க முனைபவர், கம்பெனி, திருவிதாங்கூர், மைசூர் என்று மூவகைத் துப்பாக்கிகளுக்கு நிறம் தேட வேண்டும். மூன்றுக்கும் ஒரே குப்பியிலிருந்து பழுப்பைத் தொட்டால் வரலாறு தட்டையாகிவிடும்.

முதலில் கம்பெனியின் துப்பாக்கி. ‘பிரவுன் பெஸ்’ என்ற செல்லப்பெயரால் அறியப்பட்ட சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் பல வடிவங்கள் அக்காலத்தில் புழங்கின. பிரிட்டிஷ் அரசின் குட்டை வடிவத்துக்குக் குழல் 42 அங்குலம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேவைக்காக லண்டன் கொல்லர்களிடம் செய்வித்த ‘இந்தியா பேட்டர்ன்’ வடிவத்துக்கு 39 அங்குலம். 1790களில் பிரான்சோடு போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசே கம்பெனியின் கையிருப்பை விலைக்கு வாங்கி, பிறகு அம்மாதிரியையே தன் படைக்கும் ஏற்றுக்கொண்டது. இவற்றின் கட்டை அக்ரூட் மரம், அதாவது வால்நட். நம் ஊருக்குப் பருப்பாக மட்டுமே வந்து சேரும் அந்த மரம் ஐரோப்பியத் துப்பாக்கித் தொழிலின் ஆதாரமாக இருந்தது. நன்றாகப் பதப்படுத்தினால் முறுக்கிக்கொள்ளாது. சுடும்போது பின்னுதைக்கும் அதிர்ச்சியில் எளிதில் பிளக்காது. விசையைப் பொருத்தக் குடையும்போது உளிக்குச் சுத்தமாக இடம்கொடுக்கும். தோளில் சுமந்து நடக்கும் அளவுக்கு எடை குறைவு. கட்டையின் மேல் ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார்கள். அடித்தகடும் விசைக்காப்பும் பித்தளை.

பெயரில் ‘பிரவுன்’ இருப்பதால் துப்பாக்கி முழுவதையும் பழுப்பாகத் தீட்டிவிடுபவர்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் குழலைப் பளபளக்கத் தேய்த்து வைப்பதே வழக்கம். ஆகவே வெள்ளி போன்ற குழல், பொன் போன்ற பித்தளை, இரண்டுக்கும் நடுவே மரம். மரத்தின் நிறத்தை இந்த இரண்டு பளபளப்புகளுக்கும் இடையே வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது மைசூர். திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர் முதலிய இடங்களில் துப்பாக்கித் தொழிற்கூடங்களை நடத்தினார். ஐரோப்பிய முறையிலான சக்கிமுக்கித் துப்பாக்கிகள் அங்கே நம்மவர் கையாலேயே உருவாயின. புலித்தலை வடிவ விசைகளும் புலிவரி அலங்காரமும் கொண்ட அவரது துப்பாக்கிகள் 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கொள்ளைப் பொருளாகக் கடல் கடந்தன. ராபின் விகிங்டன் 1992இல் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போனவற்றில் கண்ணைக் கவர்வன அரண்மனைக்கென்று செய்தவை. வெள்ளியும் பொன்னும் இழைத்தவை. அவற்றைப் பார்த்துக் கோட்டைச் சுவரில் ஏறும் சாதாரண ஜவானின் துப்பாக்கிக்கு நிறம் எடுப்பது, அரசரின் உடையைப் பார்த்து உழவனுக்குச் சட்டை தைப்பது போலாகும். மைசூர்ப் படையில் பிரெஞ்சு மாதிரிகளும் இருந்தன. பிரெஞ்சுத் துப்பாக்கியில் குழலையும் கட்டையையும் உலோகப் பட்டைகள் சுற்றிப் பிணைத்திருக்கும். ஆங்கிலத் துப்பாக்கியிலோ உள்ளே செருகிய ஊசிகள் அவ்வேலையைச் செய்யும். சிற்றுருவில் அந்த மூன்று பட்டைகளைத் தீட்டினாலே பார்ப்பவர் கண்ணுக்கு இது வேறு படை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது திருவிதாங்கூர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சியாளரானார். அவர் வழியாக ஐரோப்பியப் போர்முறை அங்கே வேரூன்றியது. குளச்சல் போருக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்துக் கோயம்புத்தூர்க் கோட்டைக்குள் நின்றவர்கள் அந்த மரபின் வாரிசுகள். மூன்று படைகளின் துப்பாக்கிகளும் ஐரோப்பிய வடிவத்தைத் தழுவியவைதாம். வடிவம் ஒன்றாக இருந்தாலும் மரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம்.

*

இங்கே மேட்டுப்பாளையம் நம் உதவிக்கு வருகிறது. நீலகிரியின் அடிவாரத்தில், பவானிக் கரையில் அமைந்த இவ்வூருக்கு மலைக்காட்டு மரம் இறங்கிவந்து சேர்வது நெடுநாளைய வழக்கம். வனத்துறையின் மரக்கிடங்கு இங்கே உண்டு. அறுத்த மரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவருக்குப் பழுப்பு என்று ஒரு நிறம் கிடையாது என்பது புரிந்துவிடும். தேக்கு பொன்னிறத்தில் தொடங்கி நாளாக ஆகக் கறுக்கும். வேங்கையில் மஞ்சள் கலந்திருக்கும். தோதகத்தி என்ற ஈட்டியில் ஊதா படர்ந்த கருமையும் கறுப்பு வரிகளும் ஓடும். மஞ்சக்கடம்பின் மஞ்சள் அதன் பெயரிலேயே இருக்கிறது.

கோயம்புத்தூரில் 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்த வேறுபாடுகளை ஒரே கூரையின் கீழ் காணலாம். தென்னிந்தியக் காடுகளின் மர மாதிரிகள் அங்கே பலகைகளாகவும் குறுக்குவெட்டுகளாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. அதே 1902இல் ஜே. எஸ். கேம்பிள் எழுதிய இந்திய மரங்கள் பற்றிய கையேட்டின் இரண்டாம் பதிப்பும் வெளிவந்தது, முதற்பதிப்பு 1881. வனத்துறை அதிகாரியான கேம்பிள் ஒவ்வொரு மரத்துக்கும் அதன் நிறம், எடை, பயன் என்று குறித்துக்கொண்டே போகிறார். மரத்தை விற்கவும் வெட்டவும் எழுந்த கணக்குதான் அது. ஆனால் இன்று தூரிகை பிடித்தவனுக்கு அதைவிடச் சிறந்த நிற அகராதி வேறில்லை.

அக்கால மர நூல்களில் ஒரு மரத்தின் பயன்களுள் துப்பாக்கிக் கட்டை என்றும் ஒரு குறிப்பு வருகிறது. அந்த மரம் பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய பிள்ளைப் பருவம் நம்மில் பலருக்கு உண்டு. மஞ்சள் பூ வாடும்போது சிவந்து உதிர்வதைப் பார்த்திருப்போம். வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் கலப்பைக்கும் அதன் கட்டையைக் கொண்டதும் தெரியும். அதே மரம் துப்பாக்கிக்கும் போயிருக்கிறது என்பது நம் இலக்கியப் பழக்கத்துக்குச் சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். தொழில் நோக்கில் பார்த்தால் இதில் வியப்பில்லை. பூவரசின் வைரம் நெருக்கமான இழை கொண்டது, நன்கு மெருகேறும், அடியைத் தாங்கும். வெளிமரம் வெளுத்திருக்கும், வைரம் செம்பழுப்பிலிருந்து சாக்லேட் நிறம் வரை போகும்.

போர்க்களத்தில் கட்டை உடைவது அன்றாட நிகழ்ச்சி. குதிரை மிதிக்கும், கைகலப்பில் கட்டையாலேயே அடிப்பார்கள். குழலும் விசையும் நன்றாக இருக்க, கட்டைக்காக மட்டும் இங்கிலாந்திலிருந்து கப்பல் வரக் காத்திருக்க முடியாது. உள்ளூர் ஆசாரி ஒருவர் உள்ளூர் மரத்தில் புதுக்கட்டை செதுக்கிப் பொருத்தியிருக்க வேண்டும் என்று நாம் ஊகிப்பதில் தவறில்லை. ஆகவே கம்பெனிச் சிப்பாய்கள் பன்னிருவரை வரிசையாகத் தீட்டுபவர், பதினொருவருக்கு அக்ரூட் நிறம் கொடுத்து ஒருவனுக்கு மட்டும் பூவரசின் கருஞ்சிவப்பைக் கொடுக்கலாம். அந்த ஒரு கட்டையில் பெயர் தெரியாத ஓர் ஆசாரியின் கை இருக்கும்.

*

இதுவரை சொன்ன மூவரும் அரசுகளின் வீரர்கள். நான்காவதாக ஒருவன் இருக்கிறான். அவனுக்காகத்தான் இக்கேள்வி நமக்கு முக்கியமாகிறது.

திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு 1799இல் கொங்குநாடு கம்பெனியின் கைக்குள் வந்தது. அடுத்த ஆண்டு ஜூனிலேயே கோயம்புத்தூரைத் தாக்கும் கிளர்ச்சி முயற்சி நடந்து தோற்றது; அதில் ஈடுபட்டவர்கள் பலர் தூக்கிலிடப்பட்டனர். கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூலில், இதைத் திண்டுக்கல், சிவகங்கை வரை விரிந்த ஒரு கூட்டணியின் பகுதியாக வைத்துக் காட்டினார். காங்கேயம் பகுதியில் பிறந்த தீரன் சின்னமலை ஓடாநிலையில் கோட்டை அமைத்துக் கம்பெனியை எதிர்த்தார்; 1805 ஜூலை 31இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார் என்று வழங்குகிறது. இவர்களுடைய ஆட்களும் துப்பாக்கி ஏந்தியவர்கள்தாம். அவர்களை நாம் வாளோடும் ஈட்டியோடும் குதிரையோடும் மட்டுமே சிலையாக வடிக்கிறோம். வாள் வீரத்தின் அடையாளம், துப்பாக்கி வெள்ளைக்காரனின் பொருள் என்று ஒரு பிரிவினை நம் மனத்தில் எப்படியோ குடியேறிவிட்டது. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கி மொழியிலிருந்து வந்து, கம்பெனியின் ஆட்சிக்கு வெகுமுன்பே தமிழில் வேர்விட்டுவிட்டது. நாட்டுத்துப்பாக்கி என்ற தொடரை இன்றும் காட்டோர ஊர்களின் செய்திகளில் படிக்கிறோம். ஊர்க் கொல்லர் குழல் செய்ய, ஊர்த் தச்சர் கட்டை செதுக்கும் தொழிலறிவு இந்நிலத்தில் இருந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சான்று.

அவர்களுடைய துப்பாக்கிகள் எங்கே போயின? 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டபின் மேஜர் பானர்மேன் திருநெல்வேலிப் பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டார். 1801 டிசம்பர் 1ஆம் நாள் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரரின் படைவலிமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1878இன் ஆயுதச் சட்டம் உரிமம் இன்றி ஆயுதம் வைப்பதை நாடெங்கும் குற்றமாக்கியது. குழல் இரும்பாகையால் உருக்கப்பட்டு வேறு ஏதோ ஒரு கருவியாகத் திரும்பி வரும். கட்டைக்கு அந்த வாய்ப்பில்லை. மரம் எரியும், அல்லது செல்லரிக்கும்.

மேற்கே மலை தாண்டியிருக்கும் குடகைப் பார்த்தால் இந்த இழப்பின் அளவு விளங்கும். கொடவர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விலக்குப் பெற்றார்கள். அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்பொள்து நாளில் வீட்டுத் துப்பாக்கிக்குப் பூ வைத்து வழிபடுகிறார்கள். அங்கே ஒருவருக்குக் கட்டையின் நிறம் பற்றி ஐயம் எழுந்தால் வீட்டு நடுவறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆள்வோர் நம்பிய சமூகத்தின் கையில் மரம் தங்கியது. நம்பாத சமூகத்தின் கையிலிருந்து பறிபோயிற்று.

கம்பெனியின் துப்பாக்கிக்கோ மாதிரி உண்டு, அளவு உண்டு, ஒப்பந்தக் கணக்கு உண்டு, கண்ணாடிப் பேழையும் உண்டு. ஆகவேதான் கம்பெனிச் சிப்பாயின் கட்டையைப் பிழையின்றித் தீட்ட முடிகிறது. அவனை எதிர்த்து நின்றவனின் கட்டையை ஊகித்துத் தீட்ட வேண்டியிருக்கிறது. வென்றவர்கள் வரலாற்றை எழுதுகிறார்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு பழுப்புப் புள்ளியின் அளவிலும் அது உண்மையாக இருப்பதைச் சிற்றுரு காட்டிவிடுகிறது.

*

ஓவியங்களைப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784இல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில், 1780ஆம் ஆண்டின் பொள்ளிலூர்ப் போர் விரிவாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அணியணியாக வீரர்களும் துப்பாக்கிகளும் அதில் உண்டு. ஆனால் அச்சுவர் ஆர்தர் வெல்லெஸ்லியின் காலத்திலும், பின்னர் 1850களில் டல்ஹவுசியின் ஆணைப்படியும் மறுபடி தீட்டப்பட்டது. நாம் இன்று அங்கே காணும் பழுப்பு, திப்புவின் ஓவியன் குழைத்த பழுப்பென்று உறுதியாகக் கொள்ள இயலாது. வடிவத்துக்கு அச்சுவர் சான்றாகலாம், நிறத்துக்கு ஆகாது.

அருங்காட்சியகத்துத் துப்பாக்கியும் நிறத்தில் நம்பத்தக்க சாட்சி அன்று. இருநூறாண்டு எண்ணெயும் அழுக்கும் கைவியர்வையும் பிற்கால வார்னிஷும் ஏறி அது கறுத்திருக்கிறது. கோட்டைச் சுவரில் நின்ற வீரனின் கையில் அது சில ஆண்டுகளே பழகிய மரம். அருங்காட்சியக நிறத்தை அப்படியே எடுத்துப் பூசினால், 1791இன் வீரன் கையில் நம் காலத்துப் பழம்பொருளைக் கொடுத்தவர்களாவோம்.

அளவும் நிறத்தோடு விளையாடும். 28 மில்லிமீட்டர் உருவத்தை ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு என்று கொள்வோம். 1.4 மீட்டர் நீளமுள்ள துப்பாக்கி அங்கே 2.3 சென்டிமீட்டர்தான். அதில் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வரி இழுத்தால், உண்மைக் கட்டையில் அது 1.2 சென்டிமீட்டர் அகலமுள்ள வரி. எந்த அக்ரூட்டிலும் அப்படி ஒரு வரி ஓடாது. எனவே சிறிய உருவத்தில் மர ரேகை வரைவது அழகாக இருக்கலாமே ஒழிய உண்மையாகாது. இரண்டு அடுக்கு நிறமும் விளிம்பில் ஒரு மெல்லிய வெளிச்சமும் போதும். சிறிய பொருள் கண்ணுக்கு இருண்டு தெரியும் என்பதால் உண்மையான மரத்தின் நிறத்தைவிட ஒரு படி வெளிறலாகவே தொடங்க வேண்டும்.

இனி, ஆங்கிலக் கையேடுகள் பெரும்பாலும் எண்ணிப் பாராத ஒன்று. அவற்றின் முறை, வெளிறிய ஐரோப்பியக் கைகள் பழுப்புக் கட்டையைப் பற்றியிருக்கும் என்ற எண்ணத்தின் மேல் எழுந்தது. அங்கே கையும் மரமும் தாமாகவே பிரிந்து தெரியும். தமிழ்ச் சிப்பாயின் கை பழுப்பு, கட்டையும் பழுப்பு. கையேட்டின்படி தீட்டினால் விரல்கள் மரத்துக்குள் மறைந்துபோகும். தோலை வெளுக்கச் செய்து தப்பித்துக்கொள்வது சிலர் செய்யும் வேலை. அது வரலாற்றுக்கும் மனிதனுக்கும் இழைக்கும் அநீதி. மாற வேண்டியது மரம்தான். தோலுக்கு மஞ்சள் கலந்த பழுப்பைக் கொடுத்தால் கட்டையைச் சிவப்புப் பக்கமாகவோ கருமைப் பக்கமாகவோ நகர்த்த வேண்டும். பூவரசின் செம்மையும் ஈட்டியின் ஊதாவும் இதற்கு இயல்பாகவே இடம்தருகின்றன. இந்நிலத்து மரம் இந்நிலத்துக் கைக்குப் பொருந்துவதை நாம் கண்டுபிடிப்பது தூரிகையின் முனையில்தான்.

*

பழுப்பு என்ற சொல்லின் தொல்லையும் இங்கே உண்டு. பழுத்த இலையின் மஞ்சளும் அதில் அடங்கும். ஆங்கிலத்தின் ‘பிரவுன்’ முழுவதையும் அது தாங்குவதில்லை. பேச்சுத் தமிழ் இதைவிடச் செல்வம் மிக்கது. புடவைக் கடையில் பாக்குக் கலர், காப்பிப்பொடிக் கலர், அரக்கு என்று கேட்டு வாங்குகிறோம். பாக்குத் தோட்டங்களும் சிறுமுகைத் தறிகளும் சூழ்ந்த மேட்டுப்பாளையத்தில் இச்சொற்கள் அகராதியின் துணையின்றியே விளங்கும். வண்ணக் குப்பிகளின் பெயர்கள் நம்மைக் குழப்பும்போது இச்சொற்களையே அளவுகோலாக்கிக்கொள்ளலாம்.

கம்பெனியின் அக்ரூட்டுக்குப் பாக்கு நிறம். ரா அம்பரில் சிறிது பர்ன்ட் சியன்னா சேர்த்து அடிநிறம். விளிம்புக்குக் காவிமஞ்சள் தொட்ட வெளிச்சம். பித்தளைக்கு அருகே ஒரு மெல்லிய இருண்ட கோடு. பன்னிருவரில் ஒருவனுக்கு மாற்றுக் கட்டை. மைசூர் வீரனுக்கு ஈட்டி மரத்தை நினைவூட்டும் கருப்பட்டி நிறம்: பர்ன்ட் அம்பரில் ஒரு துளி ஊதா, அதன் மேல் பட்டைகளின் உலோகம் நன்றாக எடுத்துக்காட்டும். இதுவும் நம் தேர்வே. திருவிதாங்கூர் வீரர்களுக்குக் கட்டைக்குக் கட்டை சிறு வேறுபாடு வைக்கலாம். பலவிடத்துத் தளவாடம் ஓரிடத்தில் சேர்ந்த படை என்பது பார்ப்பவருக்குப் புலப்படும்.

நான்காமவனுக்குப் பூவரசு. காப்பிக்கொட்டை நிறத்தில் அடிப்பூச்சு, அதன் மேல் நீர்த்த செங்காவி, கைபடும் இடத்தில் மட்டும் சிறிது மினுமினுப்பு. பளபளக்கும் பித்தளை வேண்டாம். குழலையும் தேய்த்த வெள்ளியாக்க வேண்டாம். ஊர்க்கொல்லரின் இரும்பு கறுத்தே இருக்கட்டும். இது சான்றின் மேல் கட்டிய முடிவு இல்லை. மரத்தின் பயன் பற்றிய குறிப்பும் நிலத்தின் இயல்பும் சேர்ந்து தரும் ஊகம். அதைப் பீடத்தின் அடியில் எழுதியும் வைத்துவிடலாம். கம்பெனிச் சிப்பாயின் பீடத்தடியில் மாதிரியின் பெயரும், இவனுடையதில் ஒரு மரத்தின் பெயரும் இருக்கும். பின்னால் யாரேனும் ஒரு பழைய வீட்டின் பரணிலிருந்தோ ஒரு கோயில் அறையிலிருந்தோ ஓர் உடைந்த கட்டையை எடுத்துவந்து, இது பூவரசு இல்லை, வாகை என்று சொல்லக்கூடும். அன்று மகிழ்ச்சியோடு அந்தக் கட்டையைச் சுரண்டிவிட்டு மறுபடி தீட்டுவோம்.